நித்தியகல்யாணியும் சுடுகாட்டு மல்லியும்

போன தை மாசம் பெரியம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. ஆட்டோவுல இருந்து இறங்கி கேட்டைத் திறந்து உள்ள வந்தவங்க செருப்பைக்கூட கழட்டல, வாசப்படி ஓரமா இருந்த தொட்டியப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க.

"ஏன்டி, சுடுகாட்டு மல்லியக் கொண்டாந்து யாராச்சும் வாசல்ல வைப்பாங்களா?"

அம்மா உள்ள இருந்து வந்து, "அக்கா, அது நித்தியகல்யாணிக்கா, தினமும் நாலு பூ பறிச்சு சாமிக்கு வைக்கிறேன்"ன்னாங்க. பெரியம்மாவுக்கு முகமே மாறிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல பொறந்து வளந்தவங்கதான், ஆனா பெரியம்மா வாக்கப்பட்டுப் போன ஊரு வேற, அங்க நாப்பது வருஷமா அந்தச் செடிக்கு அவங்க கேட்ட பேரு வேற. நான் அதை வாங்கினப்போ நர்சரிக்காரர் சொன்னது மூணாவது பேரு, "வின்கா இருக்கு, நல்லா பூக்கும், தண்ணி கொஞ்சமா ஊத்துங்க போதும்"னுதான் சொல்லிக் குடுத்தாரு.

ஒரே செடிக்கு ஒரு பேர்ல கல்யாணம் இருக்கு, இன்னொரு பேர்ல சுடுகாடு இருக்கு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. ரெண்டு பேர்ல ஒண்ணு தப்பா இருக்கணும்னு மொதல்ல தோணுச்சு. அப்புறம் ஒரு மாசம் பூராவும் இந்தப் பேர்களுக்குப் பின்னாலயே போனேன், இப்போ எனக்கு என்ன தோணுதுன்னா ரெண்டு பேரையும் ஒரே விஷயத்தைப் பாத்துட்டுத்தான் வச்சிருக்காங்க. அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மொதல்ல செடிய ஒரு தடவ பக்கத்துல உக்காந்து பாத்துடுவோம். இலை ரெண்டு ரெண்டா எதிரெதிரா இருக்கும், எண்ணெ தடவின மாதிரி மினுங்கும், நடுவுல வெள்ளையா ஒரு நரம்பு ஓடும். பூவுக்கு அஞ்சு இதழ், மொட்டா இருக்கறப்போ குடையச் சுருட்டி வச்ச மாதிரி ஒண்ணுமேல ஒண்ணா முறுக்கி இருக்கும், விரிஞ்சப்புறமும் ஒவ்வொரு இதழும் ஒரு பக்கமா சாஞ்சே இருக்கறதால காத்தாடி சுத்தி நின்ன மாதிரி ஒரு தோற்றம். நடுவுல ஊசி நுழையற அளவுக்குத்தான் ஓட்டை, அதைச் சுத்தி அடர் சிவப்பாவோ மஞ்சளாவோ ஒரு கண்ணு. மோந்து பாத்தா வாசனைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. இலையக் கசக்கினா கசப்பு நெடி, தண்டைக் கிள்ளினா பால். அரளி, நந்தியாவட்டை எல்லாம் இருக்கிற அதே குடும்பம்தான் இதுவும், அந்தப் பாலைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

சரி, நித்தியகல்யாணி. நித்தியம்னா எப்பவும். கல்யாணம்ங்கிறது வடமொழியில நன்மை, மங்கலம், அழகு இதையெல்லாம் சொல்ற வார்த்தை, கல்யாண குணங்கள்னு வைணவப் பெரியவங்க பேசறப்போ அங்க தாலி கட்டறதைப் பத்திப் பேச்சே இல்ல, நல்ல குணங்கள்னுதான் அர்த்தம். நம்ம பேச்சுத் தமிழுக்கு வந்தப்புறம்தான் அது திருமணத்துக்கே பேரா ஒட்டிக்கிச்சு. அதனால நித்தியகல்யாணின்னா என்னைக்கும் மங்கலமா இருக்கறவள்னும் வச்சுக்கலாம், என்னைக்கும் கல்யாணக் கோலத்துல இருக்கறவள்னும் வச்சுக்கலாம். நம்ம ஜனங்க காதுல விழறது ரெண்டாவதுதான். சென்னையில இருந்து மாமல்லபுரம் போற வழியில திருவிடந்தைன்னு ஒரு ஊரு இருக்கு, அங்க பெருமாளுக்கே நித்தியகல்யாணப் பெருமாள்னு பேரு, காலவ ரிஷியோட 360 பொண்ணுங்களையும் நாளுக்கு ஒருத்தியா பெருமாள் கல்யாணம் பண்ணிக்கிட்டார்னு தலபுராணம் சொல்லுது. கல்யாணம் தள்ளிப்போறவங்க மாலை வாங்கிட்டுப் போய் நிக்கற கோயில் அது. அந்த நித்தியமும் இந்தச் செடியோட நித்தியமும் ஒண்ணுதான், ஒரு நாளு விடாம தினமும்.

இதே மாதிரி இன்னொரு வார்த்தை இருக்கு, நித்தியசுமங்கலி. அந்தக் காலத்துல கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விட்ட பெண்களை அப்படிச் சொன்னாங்க, புருஷன் சாமி, சாமிக்குச் சாவு கிடையாது, அதனால இவங்களுக்கு கைம்பெண் ஆகற நிலைமையே வராதுங்கற கணக்கு. கல்யாண வீட்டுல தாலிக்கு மணி கோக்கறதுக்குக்கூட அவங்களைக் கூப்பிடற வழக்கம் இருந்திருக்கு. 1947ல சென்னை மாகாணத்துல அந்தப் பொட்டுக்கட்டற வழக்கத்தையே சட்டம் போட்டு நிறுத்தினாங்க, நிறுத்தினது நல்லது, அந்தப் பெண்கள் பட்டது கொஞ்சநஞ்சம் இல்ல. நான் சொல்ல வர்றது அந்த வார்த்தைக்குள்ள இருக்கற யோசனைய மட்டும்தான். நித்தியம்னு ஒரு மங்கலத்தைச் சொல்லணும்னா அங்க சாவைப் பத்தி யோசிக்காம சொல்லவே முடியல பாருங்க. எது சாவால கெட்டுப்போகாதோ அதுதான் நித்திய மங்கலம். நித்தியகல்யாணிங்கற பேருக்குள்ளயே சுடுகாடு ஒரு ஓரமா உக்காந்திருக்கு.

இப்போ சுடுகாட்டு மல்லிக்கு வருவோம். மொதல்ல அந்த மல்லி. மல்லிகைக்கும் இதுக்கும் எந்த உறவும் கிடையாது, ஆனா நம்ம ஆளுங்களுக்கு மல்லிங்கறது கிட்டத்தட்ட பூவுக்கே ஒரு செல்லப் பேரு. சாயங்காலம் பூக்கறது அந்திமல்லி, அது அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த செடி. மரத்துல வெள்ளையா தொங்கறது மரமல்லி, அது வேற குடும்பம். காலையில தரையெல்லாம் கொட்டிக் கிடக்கறது பவளமல்லி, இதுல மட்டும் ஒரு ஆச்சரியம், அது நெசமாவே மல்லிகைக் குடும்பத்துச் செடிதான். அந்த வரிசையில சுடுகாட்டுல பூக்கற மல்லி சுடுகாட்டு மல்லி, அவ்ளோதான்.

ஆனா சுடுகாடுன்னு சொல்றதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இதை ரொம்ப நாள் நான் கவனிக்கவே இல்ல. சுடுகாடுன்னா சுடற காடு, எரிக்கற இடம். புதைக்கற இடத்துக்கு இடுகாடுன்னு தனியா பேரு இருக்கு, இடறதுன்னா உள்ள வைக்கறது. பேச்சுல ரெண்டையும் சேத்து சுடுகாடுன்னே சொல்லிடறோம். எரிச்ச இடத்துல செடி வைக்க என்ன இருக்கு, சாம்பலை அள்ளி ஆத்துல கரைச்சிடுவோம். புதைச்ச இடத்துல ஒரு மேடு மிஞ்சும், அந்த மேட்டு மேல எதையாவது வைக்கணும்னு மனசுக்குத் தோணும். அதனால இந்தப் பூ வாழற இடம் நியாயமா பாத்தா இடுகாடு.

எங்க அப்பாவைப் புதைச்சுத்தான் இருக்கு. போன ஆடி அமாவாசைக்கு முன்னால சமாதியச் சுத்தம் பண்ண அண்ணன் போனப்போ நானும் கூடப் போனேன். வேலி கிடையாது, தண்ணிக் குழா கிடையாது, சித்திரை வைகாசி வெயில் முழுசும் அடிச்ச நெலம், ஆடு சுத்திக்கிட்டே இருக்கு. கருவேலத்தையும் எருக்கையும் தவிர பச்சைன்னு பாத்தா இது ஒண்ணுதான். எத்தன சமாதி இருக்கோ அத்தனையிலயும் இருக்கு, சிமெண்ட் பூச்சு வெடிச்ச எடத்துல வேர் விட்டு நிக்குது, பேரெல்லாம் அழிஞ்சு போன ஒரு பழைய கல்லறை மேல மட்டும் பத்துப் பன்னெண்டு செடி, அத்தனையும் பூ. அந்தக் கல்லறைக்கு யாரும் வந்து எத்தன வருஷம் ஆச்சோ. ஆடு ஒண்ணு வந்து மோந்து பாத்துட்டு அடுத்த செடிக்குப் போச்சு, இதுல வாய் வைக்கல. இப்போ அதை நினைச்சுப் பாத்தப்போதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு.

யோசிச்சுப் பாருங்க, சமாதியில ஒரு செடி வைக்கணும்னா எது வைப்பீங்க? ரோஜா வச்சா ஒரு வாரத்துல காஞ்சிடும். செம்பருத்தி வச்சா ஆடு விடாது. தினமும் வந்து தண்ணி ஊத்தவும் முடியாது. யாரும் பாக்காம, யாரும் ஊத்தாம, ஆடு மாடு தின்னாம, வருஷம் முழுக்க ஒரு நாளு விடாம பூக்கணும். அப்படிப் பாத்தா இது ஒண்ணுதான் மிஞ்சுது. நீங்க வரமுடியாத நாள்லயும் அங்க பூ இருக்கணும்னு நினைச்ச யாரோதான் மொதல்ல கொண்டுபோய் வச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் அது தானே பரவிக்கிச்சு. பூ உதிந்ததும் அந்த இடத்துல பச்சையா மெல்லிசா ரெட்டைக் காய் நிமிந்து நிக்கும், காஞ்சா ஒரு பக்கமா மட்டும் வெடிக்கும், உள்ள எள்ளை விடச் சின்னதா கருப்பு விதை, விழுந்த எடத்துல எல்லாம் முளைக்கும். நித்தியமா பூக்குதுங்கறதுக்காக எங்க அம்மா வாசல்ல வைக்கறாங்க, நித்தியமா பூக்குதுங்கற அதே காரணத்துக்காக ஊர்க்காரங்க சமாதியில வச்சாங்க. வாசல்ல பாத்தவங்க ஒரு பேர் வச்சாங்க, சமாதியில பாத்தவங்க இன்னொரு பேர் வச்சாங்க.

பட்டிப்பூன்னும் ஒரு பேரு உண்டு. பட்டின்னா ஆடு மாடு அடைக்கற எடம், சின்ன ஊருக்கும் அந்தப் பேரு. அதுல எனக்குச் சொல்ல அதிகமா இல்ல.

பக்கத்து மொழிக்காரங்க என்ன சொல்றாங்கன்னு பாத்தா இன்னும் சுவாரசியம். மலையாளத்துல நித்யகல்யாணின்னும் இருக்கு, சவக்கோட்டப்பச்சைன்னும் இருக்கு, சவக்கோட்டன்னா இடுகாடு, அதோட சவம்நாறின்னு ஒண்ணு. இந்த நாறிய மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா நாறறதுன்னா இன்னிக்கு நமக்கும் அவங்களுக்கும் கெட்ட வாடைதான், ஆனா பழைய தமிழ்ல நாற்றம்னா வாசனை, நறுமணத்துல இருக்கற நறுவும் அதே குடும்பம்தான், ஆண்டாள் திருப்பாவையில நாற்றத் துழாய்முடி நாராயணன்னு பாடறப்போ துளசி வாசம் வீசற முடின்னு அர்த்தம். வார்த்தை காலப்போக்குல கீழ இறங்கிடுச்சு. அடிபட்டுப்போன வார்த்தைகளைப் பாத்தா எனக்கு எப்பவும் ஒரு வருத்தம், நாற்றம் அதுல மொத வரிசை. சிங்களத்துல இந்தப் பூ மினி மல், மினிய-ன்னா பொணம், மல்-னா பூ. ஆக இலங்கையிலயும் இது கல்லறைப் பூதான்.

வடக்க போனா பேச்சு மாறிடுது. ஹிந்தியில சதாபஹார், சதா நம்ம சதாவேதான், பஹார் பாரசீகச் சொல், வசந்தம், அப்போ எப்பவும் வசந்தம். மராத்தியில சதாஃபுலி, எப்பவும் பூக்கறவ. வங்காளத்துல நயன்தாரா, கண்ணோட நட்சத்திரம், அதாவது கண்மணி, பூ நடுவுல இருக்கற அந்த அடர்நிறப் பொட்டைப் பாத்துட்டு வச்ச பேராத்தான் எனக்குத் தெரியுது. தெலுங்குல பில்ல கன்னேரு. கன்னேருன்னா அரளி. கன்னடத்துலயும் காசி கணகிலே, கணகிலேயும் அரளிதான். எவ்ளோ சரியா பாத்திருக்காங்க பாருங்க, நாம மல்லின்னு தப்பான குடும்பத்துல சேத்து விட்டோம், அவங்க எந்தத் தாவரவியல் புத்தகமும் பாக்காம அரளிக் குடும்பத்துலயே கொண்டுபோய் வச்சிட்டாங்க.

இத்தனைக்கும் செடி நம்ம ஊர்ச் செடியே கிடையாது. மடகாஸ்கர்தான் சொந்த ஊரு. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல 99 பூ பேர் அடுக்கறாரே, அதுல இது இருக்க வழியே இல்ல. ஐரோப்பாக்காரங்க கப்பல்ல ஏறி உலகம் பூரா சுத்தி நம்ம மண்ணுலயும் வேர் விட்டுச்சு. இந்த இனத்துல மொத்தம் எட்டு வகைதான், ஏழுக்கு மடகாஸ்கர்தான் ஊரு, எட்டாவது ஒண்ணு மட்டும் இந்தியா, இலங்கைப் பக்கம் தானா வளருது, நம்ம வயக்காட்டுல வெள்ளையா பொடிப் பூவோட நிக்கற மிளகாய்ப்பூண்டுதான் அது. பெத்த ஊரை விட்டு வந்தவளுக்கு இங்க ஏற்கனவே ஒரு சொந்தக்காரி இருந்திருக்கா.

இப்போ நர்சரிக்காரர் சொன்ன வின்கா. 1759ல செடிகளுக்கு அறிவியல் பேர் வச்ச ஸ்வீடன்காரர் லின்னேயஸ் இதுக்கு வின்கா ரோசியான்னு பேர் வச்சாரு. வின்காங்கறது ஐரோப்பாவுல ஏற்கனவே இருந்த வேற ஒரு கொடிச் செடியோட பேரு, ரெண்டு பூவும் பாக்க ஒரே சாயல். அப்புறம் 1837ல ஜார்ஜ் டான்ங்கற தாவரவியல்காரர் இது தனி இனம்னு பிரிச்சு கேத்தராந்தஸ்னு பேர் மாத்தினாரு. கிரேக்கத்துல கத்தரோஸ்னா தூய்மை, ஆந்தோஸ்னா பூ. தூய பூ. எங்க பெரியம்மா தீட்டுன்னு ஒதுக்கற செடிக்கு அறிவியல்ல தூயபூன்னு பேரு. ஆனா நர்சரிக்காரங்களுக்கு 1837 இன்னும் வரல, அவங்களுக்கு இன்னிக்கும் வின்காதான்.

அந்த ஐரோப்பிய வின்காவப் பத்தித் தேடினப்போதான் நான் அசந்து போனேன். அந்தப் பேரோட பழைய வடிவம் லத்தீன்ல வின்காபெர்வின்கா, கட்டறதுங்கற அர்த்தம் உள்ள வின்கிரேங்கற வினையோட அதைச் சேத்துச் சொல்றாங்க, மாலை கட்டற கொடி. ரோமாபுரியில பிளினி எழுதி வச்சிருக்காரு, எப்பவும் பச்சையா இருக்கும், வேற பூ கிடைக்காதப்போ மாலையில சேப்பாங்கன்னு. இங்கிலீஷ்ல பெரிவிங்கிள்னு ஆனது இந்த வார்த்தைதான், உக்ரைன்ல பர்வீனொக்னு ஆனதும் இதேதான். அந்த உக்ரைன்ல கல்யாணப் பொண்ணுக்குத் தலையில சூட்டற கிரீடத்தை இந்தப் பச்சைக் கொடியில கட்டுவாங்க, கல்லறையிலயும் இதையே வைப்பாங்க. இத்தாலியில இதுக்கு ஒரு பேரு ஃபியோரே தி மோர்த்தோ, செத்தவங்க பூ. 1306ல லண்டன்ல சைமன் ஃப்ரேசர்னு ஒரு ஸ்காட்லாந்து வீரனைத் தூக்குக்குக் கூட்டிட்டுப் போறப்போ தலையில இந்தக் கொடியில மாலை கட்டி வச்சு ஊர்வலமா கொண்டு போயிருக்காங்க.

அது வேற கண்டம், வேற செடி, வேற சாமி. நம்ம ஊர்க்காரங்க அவங்ககிட்ட இருந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும் கிடையாது. அங்கயும் கல்யாணப் பொண்ணு, அங்கயும் கல்லறை. வாடாத ஒண்ணைப் பாத்தா மனுஷனுக்கு இந்த ரெண்டு எடமும்தான் ஞாபகம் வரும் போல, அது நீடிக்கணும்னு வேண்டிக்கற எடமும், எதுவும் நீடிக்கலயேன்னு அழற எடமும். இதைப் படிச்ச அன்னிக்கு நான் எழுந்து போய் தொட்டிப் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்.

வின்காங்கற பேர் செடிய விட்டுப் போயிடுச்சு, ஆனா மருந்துக்குள்ள நிலைச்சு நிக்குது. ஜமைக்காவுல சர்க்கரை வியாதிக்கு இந்த இலையத் தண்ணியில போட்டுக் குடிக்கற வழக்கம் இருந்துச்சு, 1952ல அங்க இருந்து கனடாவுக்குக் கொஞ்சம் இலை போய்ச் சேந்துச்சு. வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துல ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அதை எலிக்குக் குடுத்துப் பாத்தாங்க, சர்க்கரை ஒண்ணும் பெருசா குறையல, ரத்தத்துல வெள்ளணு குறைஞ்சது. அப்போ வெள்ளணு தறிகெட்டுப் பெருகற ரத்தப் புத்துநோய்க்கு இது உதவுமேன்னு யோசனை போச்சு. 1958ல அந்தக் கண்டுபிடிப்ப வெளியிட்டாங்க. அதுல இருந்து வந்தது வின்பிளாஸ்டின், அதே செடியில இருந்து வேற ஆய்வகம் எடுத்தது வின்கிரிஸ்டின், 1963ல அமெரிக்காவுல அதுக்கு அனுமதி குடுத்தாங்க. ரெண்டு பேர்லயும் மொத எழுத்தா நிக்குதே அந்த வின், அது வின்காவோட வின். செல் பிரியறப்போ உள்ள இழை இழையா ஒரு கட்டமைப்பு உருவாகும், அந்த இழைக்கான புரதத்தைப் போய்ப் புடிச்சுக் கட்டிப் போட்டுடும் இந்த மருந்து, செல் பிரிய முடியாம நின்னுடும். கட்டற கொடின்னு பேர் வச்ச ரோமாக்காரனுக்கு இது தெரிஞ்சிருக்க நியாயமில்ல, ஆனாலும் வார்த்தை அங்க போய்ப் பொருந்தி உக்காருது. 1 கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கவே நூத்துக்கணக்கான கிலோ காஞ்ச இலை வேணும். நம்ம தென் மாவட்டங்கள்ல இலைக்கும் வேருக்குமா இதை ஏக்கர் கணக்குல பயிர் பண்றாங்க. குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புத்துநோய்க்கு இன்னிக்கும் குடுக்கற முக்கியமான மருந்துகள்ல இது ஒண்ணு. தயவு செஞ்சு இதைப் படிச்சுட்டு யாரும் இலையப் பறிச்சுக் கஷாயம் போட்டுடாதீங்க, செடி முழுக்க விஷம், ஆடு தின்னாம போச்சுன்னு சொன்னேனே அது சும்மா இல்ல.

இவ்ளோவும் தெரிஞ்சப்புறம் பெரியம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன். கல்யாணி, வின்கா, புள்ளைங்களுக்குக் குடுக்கற மருந்து, உக்ரைன் கல்யாணப் பொண்ணு, எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன். அவங்க பொறுமையா கேட்டாங்க. முடிச்சதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "எல்லாம் சரிதான்டி. உங்க பெரியப்பா தலைமாட்டுல நான்தான் அதை வைக்கச் சொன்னேன், உங்க அண்ணன்தான் நட்டுட்டு வந்தான். எங்க பாத்தாலும் எனக்கு அங்க நிக்கற மாதிரியே இருக்கு. உங்க வீட்டு வாசல்ல வந்து அதைப் பாக்க முடியலடி எனக்கு"ன்னாங்க.

நான் பேர்களுக்குப் பின்னால ஒரு மாசம் அலைஞ்சேன், அவங்க எதையும் தீட்டுன்னு சொல்லவே இல்ல. நான்தான் அப்படி எடுத்துக்கிட்டேன்.

தொட்டியத் தூக்கி பின்பக்கம் துவைக்கற கல்லு கிட்ட வச்சிட்டோம். அம்மாவுக்கும் அது சரின்னு பட்டுது, பூ பறிக்க நாலு எட்டு கூட நடக்கணும், அவ்ளோதானே. பெரியம்மா சித்திரைக்கு வர்றாங்க. இன்னிக்குக் காலையில கோலம் போடக் குனிஞ்ச அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க, தொட்டி இருந்த எடத்துல வாசப்படிக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற இடுக்குல குட்டியா ஒண்ணு முளைச்சு நிக்குது, நாலே இலை, நடுவுல அந்த வெள்ளை நரம்பு. புடுங்கறதா விடறதான்னு அம்மா என்னையப் பாத்தாங்க, நான் அம்மாவைப் பாத்தேன். வெள்ளையா ரோஸான்னு பூத்தாத்தான் தெரியும்.